முதுகெலும்பு ஸ்க்ரூவை ஃபோம் கட்டையில் சோதிப்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

பழைய வீட்டில் கதவுக் கீல் ஆடத் தொடங்கினால் ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் இரண்டு தீக்குச்சியைச் செருகி, மறுபடி முறுக்கிவிடுவோம். மரம் உளுத்திருந்தால் அதுவும் நாலு நாள்தான். முதுகெலும்பில் ஸ்க்ரூ போடும் மருத்துவரின் கவலையும் கிட்டத்தட்ட இதே கவலைதான். ஸ்க்ரூ டைட்டானியம், சுலபத்தில் உடையாது. அதைப் பிடித்திருக்கும் எலும்பு தாங்குமா?

முள்ளெலும்பின் முன்பக்கம் உருளை போன்ற உடல், பின்பக்கம் தண்டுவடத்தைச் சுற்றும் வளைவு. இரண்டையும் இணைக்கும் குறுகிய பாலம்தான் பெடிக்கிள், இடம் வலமாக இரண்டு. பின்புறமிருந்து அந்தப் பாலத்தின் வழியாக உடலுக்குள் இறக்கும் ஸ்க்ரூ பெடிக்கிள் ஸ்க்ரூ. மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளின் ஸ்க்ரூத் தலைகளை ஒரு கம்பியால் கோத்துவிட்டால் அந்தப் பகுதி அசையாமல் நிற்கும். பாரிஸில் ரேமண்ட் ராய்-கமில் என்ற மருத்துவர் 1963இல் பெடிக்கிள் ஸ்க்ரூ போடத் தொடங்கினார், அவர் கோத்தது கம்பியால் அல்ல, தகட்டால். இன்று முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடக்கும் இடங்களில் இது அன்றாட வேலை.

புதிய ஸ்க்ரூ வடிவம் ஒன்று வந்தால் அது பழையதைவிட நன்றாகப் பிடிக்கிறதா என்று எங்காவது சோதிக்க வேண்டும். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த முள்ளெலும்பில் சோதிக்கலாம். ஆனால் ஒருவர் எலும்பு போல இன்னொருவர் எலும்பு இருக்காது. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, உறைநிலைப் பெட்டி, தொற்றுப் பாதுகாப்பு எல்லாம் வேண்டும். அதனால்தான் பாலியூரித்தேன் ஃபோம் கட்டை. எம்.இ. மாணவர்களும், எலும்பியல் முதுநிலை ஆய்வேட்டுக்காக லேப் பக்கம் வரும் மருத்துவர்களும் முதலில் தொடுவது இதைத்தான். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் கேள்வி, பிறகு கட்டை

"ஸ்க்ரூவைச் சோதிக்கப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. "6.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் மரை ஒற்றையாக இருப்பதற்கும் இரட்டையாக இருப்பதற்கும், மென்மையான எலும்பு போன்ற பொருளில் பிடுங்கும் விசை மாறுகிறதா?" என்பது கேள்வி. மாறுவது ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அப்படியே. இந்த வரியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதாமல் கட்டை ஆர்டர் செய்யாதீர்கள்.

அடுத்த குழப்பம் தரநிலை. புதியவர்கள் பலர், சோதனைத் தரநிலைகளை வெளியிடும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்1717ஐ எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பெயரில் முதுகெலும்பு இருக்கிறது என்பதால். அது வேறு வேலை. நடுவில் ஒரு முள்ளெலும்பையே எடுத்துவிட்டது போல இடைவெளி விட்டு, மேலும் கீழும் கெட்டியான பாலிஎத்திலீன் கட்டைகளில் ஸ்க்ரூவை இறுக்கி, கம்பியோடு சேர்த்து முழு அமைப்பையும் அமுக்கும் சோதனை அது. பாலிஎத்திலீன் ஸ்க்ரூவை விடவே விடாது. எனவே தோற்பது உலோகம்தான்: கம்பி வளையும், ஸ்க்ரூ கழுத்தில் முறியும். திரும்பத் திரும்ப விசை கொடுத்துப் பார்க்கும் களைப்புச் சோதனை என்றால் 50 லட்சம் சுழற்சி. விநாடிக்கு 5 சுழற்சி ஓட்டினாலும் 10 லட்சம் விநாடி, அதாவது பதினொன்றரை நாள் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும். இடையில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பது தனிக் கதை.

எலும்பும் ஸ்க்ரூவும் சந்திக்கும் இடத்தைச் சோதிக்க நமக்கு வேண்டியவை இரண்டு. உலோக எலும்பு ஸ்க்ரூக்களுக்கான எஃப்543, ஃபோமுக்கான எஃப்1839. எஃப்543இன் பின்னிணைப்புகளில் ஸ்க்ரூவை முறுக்கி உடைப்பது, உள்ளே செலுத்தும்போதும் வெளியே எடுக்கும்போதும் முறுக்குவிசை அளப்பது, நேராக இழுத்துப் பிடுங்குவது என்று தனித்தனியாக இருக்கின்றன. பிடுங்கும் பகுதியோடு செலுத்தும் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

கட்டையைத் தேர்ந்தெடுப்பது

எஃப்1839 ஃபோமை கிரேடு 5, 10, 12, 15, 20 என்று 50 வரை பிரிக்கிறது. அந்த எண் ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும். கிரேடு 10 என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ. கிரேடு 20 அதன் இரட்டிப்பு, 320 கிலோ. வழக்கத்தில் கிரேடு 5, 10 இரண்டையும் எலும்புப்புரை நோய் கண்ட எலும்புக்கும், 15, 20 இரண்டையும் ஓரளவு நல்ல எலும்புக்கும் பதிலாக வைக்கிறார்கள்.

"பதிலாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். மனித எலும்பைப் போலவே நடந்துகொள்ளும் பொருள் என்று எஃப்1839 எங்கும் சொல்லவில்லை. எல்லா லேபிலும் ஒரே மாதிரி கிடைக்கிற, ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிற பொருள் என்றுதான் சொல்கிறது. எலும்புப்புரை என்பது மருத்துவத்தில், எலும்பு அடர்த்தி அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்ற அளவு. கிரேடு 10க்கு டி-ஸ்கோர் கிடையாது.

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் பெயர் சாபோன்ஸ். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாஷோன் தீவில் உள்ள பசிஃபிக் ரிசர்ச் லேபரட்டரீஸின் தயாரிப்பு. ஜெராக்ஸ் என்ற பெயர் எல்லா நகலுக்கும் வந்ததுபோல, வேறு கம்பெனிக் கட்டையையும் பலர் சாபோன் என்றே சொல்கிறார்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அடர்த்தி, அமுக்கு வலிமை, ஷியர் வலிமை (அறுபடாமல் தாங்கும் வலிமை) மூன்றும் எழுதிய தாள் கூடவே வர வேண்டும். சாபோன்ஸ் தாளில் கிரேடு 10இன் ஷியர் வலிமை 1.6 மெகாபாஸ்கல், கிரேடு 20க்கு 4.3. அடர்த்தி இரட்டிப்பானால் ஷியர் வலிமை 2.7 மடங்காகிறது. இந்த விகிதத்தை மனதில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கட்டையில் பெடிக்கிள் கிடையாது. ஒரே சீரான ஃபோம், மேலிருந்து கீழ்வரை. உண்மையான முள்ளெலும்பில் ஸ்க்ரூவின் பிடிப்பில் பெரும்பங்கு பெடிக்கிளிலிருந்துதான் வருகிறது. 1990களில் மனித முள்ளெலும்புகளில் நடந்த சோதனைகள் பிடுங்கும் வலிமையில் சுமார் 60 சதவீதம் அங்கிருந்து கிடைப்பதாகக் காட்டின. அதனால் சில கேள்விகளை வெறும் கட்டையிடம் கேட்கவே கூடாது. கார்ட்டிகல் பாதை என்று ஒரு முறை இருக்கிறது. ஸ்க்ரூவை வழக்கமான கோணத்தில் இறக்காமல், உள்ளிருந்து வெளிப்பக்கமும் மேல்நோக்கியும் சாய்த்துக் கெட்டி எலும்பைத் தொட்டபடி செலுத்துவார்கள். 2009இல் சாந்தோனியும் உடன் ஆய்வாளர்களும் மனித முள்ளெலும்புகளில் சோதித்தபோது இந்தப் பாதைக்குப் பிடுங்கும் வலிமை 30 சதவீதம் கூடியது. இதையே சீரான ஃபோம் கட்டையில் செய்தால்? எந்தக் கோணத்தில் போனாலும் அதே ஃபோம்தான். கெட்டி எலும்பே இல்லாத இடத்தில் கெட்டி எலும்பைத் தேடும் பாதைக்கு என்ன வேலை?

அப்படிப்பட்ட கேள்விக்கு நாரிழை கலந்த எப்பாக்ஸித் தகடு மேலே ஒட்டிய இரண்டு அடுக்குக் கட்டையோ, எப்பாக்ஸி ஓடும் ஃபோம் உள்ளும் கொண்ட முழு முள்ளெலும்பு மாதிரியோ வேண்டும். மாதிரி முள்ளெலும்பு விலை அதிகம், ஒன்றில் இரண்டு ஸ்க்ரூதான் போட முடியும், அதைச் சாயாமல் பிடித்து வைப்பதே பெரும்பாடு. முதல் வேலைக்குக் கட்டையே போதும்.

எலும்பு சிமென்ட் ஊற்றிப் பிடிப்பைக் கூட்டும் ஸ்க்ரூவைச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. வழக்கமான கட்டை மூடிய அறைகள் கொண்ட ஃபோம். சிமென்ட் அதற்குள் பரவாது, ஓட்டைக்குள் கட்டியாக நின்றுவிடும், அல்லது பின்பக்கமாகப் பிதுங்கும். அந்த வேலைக்குத் திறந்த அறை ஃபோம் என்று கேட்டு வாங்க வேண்டும். தீக்குச்சி வைத்தியத்துக்கும் உளுத்த மரத்தில் கொஞ்சம் இடைவெளி வேண்டும் அல்லவா?

கட்டையை எடை போடுங்கள்

இதைத் தனித் தலைப்பாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்1839 அடர்த்தியில் ஏறக்குறைய 10 சதவீதம் கூடவோ குறையவோ இடம் கொடுக்கிறது. 13 × 18 × 4 சென்டிமீட்டர் கட்டையின் கன அளவு 936 கன சென்டிமீட்டர். கிரேடு 10 என்றால் எடை 150 கிராம் இருக்க வேண்டும். 135 கிராம் கட்டையும் கிரேடு 10தான், 165 கிராம் கட்டையும் கிரேடு 10தான்.

மேலே சொன்ன விகிதத்தை இங்கே போட்டுப் பாருங்கள். அடர்த்தி 10 சதவீதம் கூடினால் ஷியர் வலிமை 14, 15 சதவீதம் கூடும். ஸ்க்ரூவின் விட்டத்தை 6.5இலிருந்து 7.5 மில்லிமீட்டராக ஆக்கினால் கிடைக்கும் லாபமும் அதே 15 சதவீதம்தான்! ஒரு வடிவத்தை ஒரு கட்டையிலும் இன்னொரு வடிவத்தை வேறு கட்டையிலும் போட்டுவிட்டு, "என் வடிவம் 12 சதவீதம் மேல்" என்று எழுதினால் அது ஸ்க்ரூவின் பெருமையா, கட்டையின் பெருமையா என்று யாராலும் சொல்ல முடியாது. நானே ஆரம்பத்தில் இந்தக் குழியில் விழுந்தவன். இரண்டு பெட்டிக் கட்டைகளைத் தெரியாமல் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டேன். முடிவுகளைப் பார்த்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். வழிகாட்டி "கட்டை எடை என்ன?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஒவ்வொரு கட்டையையும் வெர்னியரால் அளந்து, தராசில் வைத்து, அடர்த்தியைக் கணக்கிட்டு, கட்டையின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். பிறகு ஒரே கட்டையை வெட்டிக் கிடைக்கும் துண்டுகளை எல்லாக் குழுக்களுக்கும் பங்கு போடுங்கள். எந்தத் துண்டுக்கு எந்த ஸ்க்ரூ என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். ஃபோம் வார்க்கும்போது பொங்கி எழும் திசையில் அதன் அறைகள் சற்று நீண்டிருக்கும். அதனால் எல்லாத் துண்டுகளிலும் ஸ்க்ரூ ஒரே பக்கத்திலிருந்து இறங்க வேண்டும். வெட்டும்போது மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள், அந்தத் தூள் தொண்டையில் ஒட்டினால் நாள் முழுக்க இருமல்தான்.

ஸ்க்ரூவை அளந்து, கணக்குப் போட்டு வையுங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் நீங்களே அளக்க வேண்டியவை: மரையின் வெளிவிட்டம், உள்விட்டம், ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு உள்ள தூரமான பிட்ச், ஃபோமுக்குள் இறங்கப்போகும் மரையின் நீளம். ஸ்க்ரூவின் தண்டு நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போனால் உள்விட்டத்தை மூன்று இடங்களில் எடுங்கள்.

1996இல் சாப்மனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சமன்பாடு இங்கே கைகொடுக்கும். பிடுங்கும் விசை என்பது ஃபோமின் ஷியர் வலிமை, ஸ்க்ரூவின் வெளிவிட்டத்தில் கற்பனை செய்யும் உருளையின் பரப்பு, மரை வடிவக் காரணி ஆகிய மூன்றின் பெருக்கல். மரை வடிவக் காரணி என்பது 0.5 உடன், மரை ஆழத்தைப் பிட்சால் வகுத்து 0.577ஆல் பெருக்கியதைக் கூட்டிய தொகை. மரை ஆழம் என்பது வெளிவிட்டத்துக்கும் உள்விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி.

ஒரு கணக்கு போடுவோம். வெளிவிட்டம் 6.5, உள்விட்டம் 4.5, எனவே மரை ஆழம் 1 மில்லிமீட்டர். பிட்ச் 2.75. உள்ளே இறங்கும் நீளம் 30. காரணி 0.71 வருகிறது. உருளைப் பரப்பு 613 சதுர மில்லிமீட்டர். கிரேடு 10இல் 613 × 1.6 × 0.71, அதாவது சுமார் 700 நியூட்டன். கிரேடு 20இல் சுமார் 1,870 நியூட்டன்.

இந்த எண் மிகச் சரியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதன் பயன் வேறு. முதலாவது, சோதனையில் 300 வந்தாலோ 1,500 வந்தாலோ எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே தெரியும். இரண்டாவது, இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். நம் பொறியியல் கல்லூரிகளில் டிஎம்டி கம்பியை இழுத்து அறுக்கும் 40 டன் சோதனை இயந்திரமான யுடிஎம்தான் பெரும்பாலும் இருக்கும். 700 நியூட்டன் என்பது 71 கிலோ எடை. அந்த இயந்திரத்துக்கு அது தூசு, உங்கள் இரண்டு ஸ்க்ரூவுக்கும் உள்ள வித்தியாசம் அதன் இரைச்சலிலேயே மறைந்துவிடும். 2 அல்லது 5 கிலோநியூட்டன் லோட் செல் (விசை அளக்கும் உணரி) உள்ள சிறிய இயந்திரத்தைத் தேடுங்கள். கல்லூரியில் இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், துணி சோதிக்கும் லேபுகளில் பெரும்பாலும் இருக்கும்.

துளையும் முறுக்கலும்

இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன. இயந்திரத்தில் ஏற்றிய பிறகு நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்துமுடிந்த தவறின் பதிவுதான்.

ஸ்க்ரூவுக்கு வழியாக முன்பே போடும் பைலட் துளை, ஸ்க்ரூவின் உள்விட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாகப் போனால் தண்டுக்கும் ஃபோமுக்கும் இடையே வெற்றிடம் வந்து, மரையின் நுனி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ தயாரிப்பாளரின் அறுவை சிகிச்சைக் கையேட்டில் சொன்ன துளை அளவை எடுத்துக்கொள்வது நல்லது, பிறகு கேள்வி வந்தால் காரணம் சொல்லலாம். கையால் பிடிக்கும் ட்ரில் வேண்டவே வேண்டாம். செங்குத்து ட்ரில்லிங் மெஷினில், கட்டையை வைஸில் பிடித்து, ஆழ நிறுத்தத்தை வைத்துத் துளையிடுங்கள். வைஸ் தாடைக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். கிரேடு 5 ஃபோம் ரஸ்க் மாதிரி, அதிகம் இறுக்கினால் தாடையின் தடம் அப்படியே பதிந்துவிடும்.

துளைக்குள் தேங்கும் தூளை ஊதி எடுங்கள். முன்கூட்டியே மரை வெட்டும் டேப் பயன்படுத்தினால் எல்லாத் துண்டுக்கும் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் எதற்கும் வேண்டாம்.

எஃப்543 ஸ்க்ரூவைச் செலுத்தும் வேகத்தை நிமிடத்துக்கு 1 முதல் 5 சுற்று என்கிறது. கையில் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த வேலையை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரை ஆட்டிக்கொண்டே முறுக்கினால் துளையின் வாய் புனல் போல விரிந்துவிடும், மேல் இரண்டு மரை வீண். இயலுமானால் ட்ரில்லிங் மெஷினின் தலையையே வழிகாட்டியாக வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

முறுக்குவிசையையும் அளப்பதாக இருந்தால் கருவியின் வீச்சைக் கவனியுங்கள். கிரேடு 10 ஃபோமில் அது ஒரு நியூட்டன்-மீட்டரைக்கூட எட்டாமல் போகலாம். ஒர்க் ஷாப்பில் கார் சக்கர நட்டு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இதற்கு உதவாது. சின்ன டார்க் சென்சார் வேண்டும். கிடைக்கவில்லையென்றால் அந்த அளவீட்டையே விட்டுவிடுங்கள், அரைகுறை எண்ணைவிட அது மேல்.

ஆழம் மிக முக்கியம். ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும், சமன்பாட்டில் நீளம் நேரடியாகப் பெருக்கலில் வருகிறது. 30 மில்லிமீட்டரில் 2 தவறினால் விடையில் கிட்டத்தட்ட 7 சதவீதம் போச்சு. தலை ஃபோமைத் தொடவிடாதீர்கள். தொட்டபின் அரைச் சுற்று கூடுதலாக முறுக்கினாலும் மரைகள் ஃபோமை மேலே இழுத்து அறுத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் அதிகம் இறங்கிவிட்டதே என்று திருப்பியும் கழற்றாதீர்கள். எலும்பாவது கொஞ்சம் மீளும், நசுங்கிய ஃபோம் நசுங்கியதுதான். தண்டு சிறுத்துப்போகும் ஸ்க்ரூவில் இது இன்னும் மோசம். அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு, குறிப்பேட்டில் காரணத்தை எழுதிவிட்டு, புதிய துண்டு எடுங்கள். ஒரு துளையில் ஒரு முறைதான்.

இயந்திரத்தில் ஏற்றுவது

கட்டையைக் கீழே பிடித்துவைக்கும் மேல்தகட்டில் ஸ்க்ரூ வெளியே வர ஒரு ஓட்டை இருக்குமே, அது எவ்வளவு பெரிது? எஃப்543படி பிடிமானங்களுக்கு இடையிலான தூரம் ஸ்க்ரூ வெளிவிட்டத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு. 6.5 மில்லிமீட்டருக்கு 32.5. தகடு ஸ்க்ரூவுக்கு மிக அருகில் ஃபோமை அமுக்கினால், வெளியேற வேண்டிய ஃபோமையே நாம் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்கிறோம். விசை பொய்யாகக் கூடும். அதற்காகத் தகட்டு ஓட்டையை மிகப் பெரிதாக்கி, கட்டையை மெல்லிசாக எடுத்தால் கட்டை அப்பளம் போல மேலே வளையும். அதுவும் கூடாது.

தலையைப் பிடிப்பது அடுத்த சிக்கல். பெடிக்கிள் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றின் தலை எல்லாப் பக்கமும் அசையும். அதன் பள்ளத்தில் உரிய கம்பித் துண்டை வைத்து, பூட்டுத் திருகைச் சொன்ன விசையில் இறுக்கி, அந்தக் கம்பியின் இரு முனைகளையும் கொக்கி போன்ற பிடியால் இழுப்பது எளிய வழி. மேலே எல்லாப் பக்கமும் மடங்கும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்றை வைத்தால் சின்னச் சாய்வுகள் தாமாகச் சரியாகும். கீழே கட்டையை முன்பின், இடம்வலம் நகர்த்தும் வசதி இருந்தால், ஸ்க்ரூவின் அச்சை லோட் செல்லின் அச்சோடு பொருத்திவிட்டு அப்புறம் இறுக்கலாம்.

வேகம் நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர். விநாடிக்கு 10 அளவீடு எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே 0.008 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும், அதுவே போதும். சோதனைக்கு முன் 10, 15 நியூட்டன் இழுவிசை கொடுத்து பிடிமானங்களின் தளர்வை எடுத்துவிட்டு, இடப்பெயர்ச்சியைப் பூஜ்யமாக்குங்கள்.

இழுங்கள், பிறகு பாருங்கள்

கோடு முதலில் சற்று வளைந்து, நேராக ஏறி, ஓரிரு மில்லிமீட்டருக்குள் உச்சம் தொட்டு, சரிந்து, அப்புறம் ரம்பப் பல் போல ஏறி இறங்கிக்கொண்டே போகும். உச்சம்தான் பிடுங்கும் வலிமை. நேர்கோட்டுப் பகுதியின் சரிவு விறைப்பு. உச்சத்துக்குப் பிறகும் கொஞ்ச தூரம் ஓட விடுங்கள், முதல் சின்னச் சரிவையே உச்சம் என்று நினைத்து நிறுத்திவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

எண்ணைக் குறித்ததும் ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரைகளுக்கு நடுவே ஃபோம் அப்பி, ஸ்க்ரூ ஒரு வழவழப்பான உருளை போலத் தெரிந்தால் ஃபோம் வெளிவிட்டத்தில் அறுபட்டிருக்கிறது, நல்ல சோதனை. மரை சுத்தமாக வெறுமையாக வந்தால் துளை பெரிது, அல்லது முறுக்கும்போதே அறுந்திருக்கிறது. கட்டை இரண்டாகப் பிளந்திருந்தால், கூம்பு போல ஒரு பெரிய துண்டு பெயர்ந்திருந்தால், ஸ்க்ரூ ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்திருந்தால் அந்த எண்ணைச் சராசரியில் சேர்க்காதீர்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு விதி எழுதினால் அது கணக்கு அல்ல, சமாளிப்பு.

ஒவ்வொரு ஸ்க்ரூவையும் உறையில் போட்டு, எண் எழுதி, இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வையுங்கள்.

குழுவுக்கு எத்தனை? முன்னோட்டமாக மூன்று, நான்கு இழுத்துப் பார்த்து, அதில் வரும் சிதறலை வைத்துப் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஃபோமில் சிதறல் குறைவு என்பதால் குழுவுக்கு ஆறு, எட்டு பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். முன்னோட்டத் துண்டுகளை முடிவில் கலக்காதீர்கள்.

ஆட்டிப் பார்ப்பது

ஊன்றிய வேலிக்கம்பை நேராக மேலே இழுத்துப் பிடுங்குபவர் யாரும் இல்லை. முன்னும் பின்னும் ஆட்டி, குழியை அகலமாக்கிவிட்டுத்தான் தூக்குவார்கள். நோயாளியின் முதுகிலும் ஸ்க்ரூ தளர்வது பெரும்பாலும் அப்படித்தான். நடக்க, குனிய, நிமிர, ஸ்க்ரூவின் தலை மேலும் கீழுமாகச் சிறிது அசைந்து அசைந்து எலும்பை அரிக்கிறது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிவது அதனால்தான். நேராகப் பிடுங்கும் சோதனை எளிது, எல்லோரும் செய்கிறார்கள், அதனால் ஒப்பிட முடிகிறது. ஆனால் என்னைக் கேட்டால், நேரமும் இயந்திரமும் இருக்கும் யாரும் ஆட்டும் சோதனை ஒன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

அதற்குச் சுழற்சி விசை தரும் இயந்திரம் வேண்டும். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, ஸ்க்ரூத் தலையில் அச்சுக்குக் குறுக்காக விசை கொடுங்கள். விநாடிக்கு 1 முதல் 3 சுழற்சி. சிறிய விசையில் தொடங்கி, சில நூறு சுழற்சிக்கு ஒரு முறை ஒரு படி ஏற்றுங்கள். தலை இத்தனை மில்லிமீட்டர் அசைந்தால் தோல்வி என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள். விசைப் புள்ளிக்கும் ஃபோமின் மேற்பரப்புக்கும் உள்ள தூரம் எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அது 5 மில்லிமீட்டர் கூடினால் நெம்புகோல் நீண்டுவிடும். முடிந்ததும் கட்டையை ஸ்க்ரூவின் வழியாக நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். ஓட்டை ஓரங்களில் அகன்று, நடுவில் குறுகி, உடுக்கை போல இருக்கும். ஆய்வேட்டில் ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

எழுதும்போது

"எலும்புப்புரை நோயாளியில் இந்த ஸ்க்ரூ 700 நியூட்டன் தாங்கும்" என்று எழுதாதீர்கள். "கிரேடு 10 ஃபோமில், 30 மில்லிமீட்டர் ஆழத்தில், இந்த ஸ்க்ரூ அந்த ஸ்க்ரூவைவிட இத்தனை சதவீதம் கூடுதல் விசையில் பிடுங்கப்பட்டது" என்று எழுதுங்கள். ஃபோமில் ரத்தம் இல்லை, எலும்பு மறுபடி வளர்ந்து ஸ்க்ரூவைக் கவ்வுவதும் இல்லை. நாம் பார்ப்பது அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாள் பிடிப்பை ஒத்த ஒன்றைத்தான். கட்டையின் அடர்த்தி, துளை அளவு, ஆழம், வேகம், தள்ளிய துண்டுகள் எத்தனை, ஏன் என்று எல்லாம் செய்முறைப் பகுதியில் வர வேண்டும்.

கட்டை வந்த பெட்டியில் இருக்கும் லாட் எண்ணையும் முதல் நாளே குறித்து வையுங்கள், பெட்டி எப்படியும் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து மதிப்பாய்வாளர் "இன்னொரு ஸ்க்ரூவையும் சேர்த்துச் சோதியுங்கள்" என்று கேட்பார். அப்போது கிடைப்பது வேறு லாட் கட்டையாகத்தான் இருக்கும். புதிய ஸ்க்ரூவை மட்டும் அதில் இழுத்துப் பழைய எண்களோடு ஒப்பிடாமல், பழைய குழு ஒன்றையும் அதே புதிய கட்டையில் மறுபடி இழுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் இப்போதே ஸ்க்ரூக்களை ஆர்டர் செய்ய வேண்டும்.